கிரேடில் என்ற பில்டு டூலின் பிளகினுக்குள்ளிருந்து கிட், புரோட்டோசி (புரோட்டோபஃப் கம்பைலர்) போன்ற வெளி டூல்களைப் பாதுகாப்பாக ஓட்டுவது எப்படி? பில்டு சில நேரம் அப்படியே நின்றுவிடுகிறது.

கேள்வியின் விவரத்தில், மொத்த கமாண்டையும் ஒரே ஸ்ட்ரிங்காக ஒட்டி பாஷ் என்ற ஷெல்லிடம் கொடுத்துவிட்டு, அது முடியும்வரை ஜாவாவின் வெயிட்ஃபாரில் காத்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். பில்டு நிற்பதற்குக் காரணம் பெரும்பாலும் அந்த வெயிட்ஃபார். அதைவிடப் பெரிய வில்லங்கம் அந்த பாஷ்.

டூல் தன் எரர்களை எழுதுவது ஒரு பைப்பில், அதாவது உங்கள் பிளகின் வாசிக்க வேண்டிய ஒரு பஃபரில். லினக்ஸில் அதன் கொள்ளளவு வழக்கமாக 64 கிலோபைட். அது நிரம்பியதும், யாராவது வாசித்து இடம் விடும்வரை டூல் எழுத முடியாமல் நிற்கும். டூல் முடியட்டும் என்று உங்கள் பிளகின் நிற்கும். சின்ன புராஜெக்டில் வார்னிங் குறைவு என்பதால் எல்லாம் ஓடும், பெரியதில் மாட்டும். அந்த "சில நேரம்" இதுதான் என்பது என் ஊகம். வெளியீட்டை முழுக்க வாசித்துவிட்டுப் பிறகு காத்திருங்கள். அவுட்புட், எரர் இரண்டையும் ஒரே பைப்பில் சேர்த்துவிடுவது எளிது. ஆனால் அவுட்புட்டைப் பார்ஸ் செய்பவராக இருந்தால் வார்னிங் நடுவில் கலந்து கெடுக்கும். அப்போது எரரை ஃபைலுக்குத் திருப்பிவிடுங்கள். கிட் பாஸ்வேர்ட் கேட்டுக்கொண்டு நிற்பதும் உண்டு. ஜிஐடி_டெர்மினல்_பிராம்ப்ட் என்ற என்விரான்மென்ட் வேரியபிளுக்கு 0 கொடுத்தால், கேட்காமல் ஃபெயில் ஆகிவிடும்.

உண்மையில், புராசஸை ஓட்டும் ஜாவா கிளாஸான புராசஸ்பில்டரையே நீங்கள் தொடத் தேவையில்லை. கிரேடிலின் எக்ஸெக்ஆபரேஷன்ஸை டாஸ்க்கில் இன்ஜெக்ட் செய்துகொண்டால், பைப்பை அதுவே வாசித்துக்கொள்ளும். டூல் தோற்று எக்ஸிட் கோடு 0 இல்லையென்றால் பில்டையும் நிறுத்திவிடும். பழைய பதில்களில் வரும் புராஜெக்ட் டாட் எக்ஸெக் 9.0-இல் நீக்கப்பட்டுவிட்டது.

இனி பாஷ். பிளகின் ஓடுவது அடுத்தவர் மெஷினில், அவருடைய அனுமதிகளோடு. பிராஞ்ச் பெயர், ஃபைல் பெயர், யூஆர்எல் எல்லாம் எங்கிருந்தோ வருபவை. 2024 டிசம்பரில் அல்ட்ராலிட்டிக்ஸ் என்ற பைத்தான் லைப்ரரிக்கு நடந்ததைப் பாருங்கள். புல் ரிக்வெஸ்ட் அனுப்பியவர் பிராஞ்ச் பெயருக்குள்ளேயே கமாண்டை வைத்திருந்தார். பெயரில் ஸ்பேஸ் வரக்கூடாது என்பது கிட்டின் விதி. அதனால் ஸ்பேஸ் வேண்டிய இடத்தில் ஷெல் ஸ்பேஸாக விரிக்கும் ஐஎஃப்எஸ் வேரியபிளைச் செருகியிருந்தார். கிட்ஹப் ஆக்‌ஷன்ஸ் ஸ்கிரிப்ட் அந்தப் பெயரை அப்படியே ஷெல்லிடம் கொடுத்தது. கடைசியில் 8.3.41, 8.3.42 வெர்ஷன்களில் கிரிப்டோ மைனர் ஏறி, பைத்தான் பேக்கேஜ் களஞ்சியமான பைபிஐ வரை போய்விட்டது. டபுள் கோட்ஸ் போட்டால் போதாதா என்று கேட்பார்கள். போதாது, டாலரும் அடைப்புக்குறியும் போட்டு எழுதிய கமாண்ட் டபுள் கோட்ஸுக்குள்ளும் ஓடும். எனவே ஷெல்லே வேண்டாம். டூல் பெயர், ஒவ்வொரு ஆர்கியுமென்ட் என்று தனித்தனியாக லிஸ்டில் கொடுங்கள்.

லிஸ்டாகக் கொடுத்தாலும் ஒரு ஓட்டை மிச்சம். மைனஸில் தொடங்கும் மதிப்பை டூல் ஆப்ஷன் என்றே எடுத்துக்கொள்ளும். யூஆர்எல் இருக்க வேண்டிய இடத்தில் 'அப்லோட்-பேக்' ஆப்ஷன் வந்தால், அதில் சொன்ன புரோகிராமை கிட் ஓட்டும். வெளியிலிருந்து வரும் மதிப்புக்கு முன் '--' போடுங்கள். அதை ஏற்காத டூல் என்றால், மைனஸில் தொடங்குவதை நீங்களே மறுத்துவிடுங்கள்.

விண்டோஸ் தனிக்கதை. அங்கே நோடின் என்பிஎம் என்பது ஒரு சிஎம்டி ஃபைல், அதாவது பேட்ச் ஃபைல். நீங்கள் ஷெல்லைக் கூப்பிடாவிட்டாலும் விண்டோஸ் நடுவில் தன் ஷெல்லான சிஎம்டியைக் கொண்டுவந்துவிடும். அதன் கோட்ஸ் விதிகளோ வேறு. 2024 ஏப்ரலில் ரஸ்ட் மொழியின் 1.77.2 வெர்ஷன் வந்தது இதை அடைக்கத்தான். பேட்ச் ஃபைலைத் தவிர்த்து, நேராக நோட் எக்ஸியிடம் ஸ்கிரிப்டைக் கொடுப்பது என் வழக்கம்.

டோக்கன் போன்ற ரகசியத்தை ஆர்கியுமென்டில் வைக்காதீர்கள். லினக்ஸில் சாதாரண பிஎஸ் கமாண்டிலேயே பக்கத்து யூஸருக்குத் தெரியும். அதுவும் போக, யாராவது இன்ஃபோ ஆப்ஷனோடு பில்டு ஓட்டினால் 'ஸ்டார்ட்டிங் புராசஸ்' என்ற வரியில் கிரேடில் முழு கமாண்டையும் லாகில் எழுதிவிடும். என்விரான்மென்ட் வேரியபிளிலோ ஸ்டாண்டர்ட் இன்புட்டிலோ கொடுங்கள்.