குதிரைக்கு எத்தனை வாரத்துக்கு ஒருமுறை லாடம் அடிக்க வேண்டும்? லாடம் தேயாமல் இருந்தாலும் மாற்ற வேண்டுமா?

ஒன்பது வாரம் ஆகியும் இரும்பு புதிதுபோலவே இருக்கிறது, ஆனாலும் லாடம் அடிப்பவர் வரச் சொல்கிறார், இது தேவைதானா என்று கேட்டிருக்கிறீர்கள். இதே சந்தேகம் எனக்கும் வந்து, அதற்கு என் குதிரை விலை கொடுத்ததால்தான் இந்தப் பதிலை எழுதுகிறேன்.

பெரும்பாலான குதிரைகளுக்கு ஆறு வாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். குளம்பு வேகமாக வளரும் குதிரைக்கும், கால் கோளாறுக்குச் சிகிச்சையில் இருக்கும் குதிரைக்கும் நான்கு அல்லது ஐந்து வாரம். மெதுவாக வளர்பவற்றுக்கு எட்டு வாரம் வரை பொறுக்கலாம். உங்கள் ஒன்பது வாரம் எந்தக் கணக்கிலும் அதிகம்தான்.

இரும்பு தேய்ந்ததா என்பது இங்கே இரண்டாவது கேள்வி. குளம்பு நம் நகத்தைப்போல ஓயாமல் வளர்வது. மாதத்துக்கு 6 முதல் 10 மில்லிமீட்டர் வரை இறங்கும். லாடம் இல்லாத காலில் அந்த வளர்ச்சியைத் தரை ஓரளவு தேய்த்துவிடும். லாடம் அடித்த காலில் முன்பக்கம் தேய வழியே இல்லை; பின்பக்கமோ, எடை இறங்கும்போதெல்லாம் சற்று விரிந்து சுருங்குவதால், இரும்பின்மீது உரசிக் கொஞ்சம் தேய்கிறது. ஆகவே முன்நுனி நீள, குதிப்பக்கம் தாழ்ந்தே நிற்க, காலின் பின்புறத் தசைநாண்கள் ஒவ்வோர் அடியிலும் கூடுதலாக இழுபடுகின்றன. குளம்போடு சேர்ந்து லாடமும் முன்னால் நகர்ந்துவிடுவதால், அதன் பின்முனைகள் குளம்புச் சுவரைத் தாங்குவதை விட்டுவிட்டு உள்ளே அடிப்பகுதியை அழுத்தத் தொடங்கும். அங்கே கன்றிப்போனால் குதிரை நொண்டும். இவ்வளவும் இரும்பு பளபளவென்று இருக்கும்போதே நடக்கும்.

என் செவலைப் பெண்குதிரை மென்மணல் தரையில்தான் நடந்தது, ஓடியது. அதனால் லாடம் தேயவே இல்லை. ஆறாவது வாரம் காலைத் தூக்கிப் பார்த்தேன்: ஆணி இறங்கும் பள்ளம்கூட ஆழம் குறையாமல் இருந்தது. அடுத்த வாரம் பார்க்கலாம் என்று தொடங்கி, அப்படியே பதினோரு வாரம் ஓடிவிட்டது. இடையில் அவள் அடிக்கடி இடறினாள். சோம்பல் என்று நினைத்து அதட்டினேன் என்பதை மறைக்க விரும்பவில்லை. முன்நுனி நீண்டால் முன்கால் தரையைவிட்டு எழத் தாமதமாகும். அது எழுவதற்குள் பின்கால் வந்து லாடத்தின் விளிம்பை மிதித்துவிடும். ஒரு நாள் காலையில் அதுதான் நடந்தது. மைதானத்தின் ஓரத்தில் இடது முன்கால் லாடம் வளைந்து கிடந்தது. மூன்று ஆணிகள் அதிலேயே இருந்தன, ஒவ்வோர் ஆணியையும் பிடித்துக்கொண்டு குளம்புச் சுவரின் சிம்பு ஒட்டியிருந்தது.

லாடம் அடிக்கும் பெரியவர் வந்தார். என்னைத் திட்டவில்லை, திட்டியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். வலது காலின் லாடத்தைக் கழற்றி, வளர்ந்திருந்ததைக் குறடால் வெட்டி, பிறை வடிவில் விழுந்த துண்டை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். முன்நுனியில் அதன் அகலம் என் கட்டைவிரல் அளவு இருந்தது. இடது காலில் ஆணி பிடிக்கச் சுவரே இல்லாததால் லாடம் அடிக்க முடியாது என்றும், வளரும்வரை ஓய்வுதான் என்றும் சொன்னார். அந்தக் கிழிசலின் மேல் விளிம்பு கீழே இறங்கித் தரையைத் தொட ஏறக்குறைய நான்கு மாதம் ஆயிற்று. அத்தனை நாளும் அதைத் தினமும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆறு வாரக் கணக்கெல்லாம் லாடம் அடிப்பவர்கள் தங்கள் வருமானத்துக்காகக் கட்டிய கதை என்று எனக்கு அப்போது சொன்னவர் பல ஆண்டுகள் குதிரை வைத்திருந்தவர். அவர் பேச்சை நம்பியது என் தவறுதான். ஆனால் என் குதிரை நொண்டியதைக் கண்ணால் பார்த்த பிறகும் அவர் அதே பேச்சைப் புதியவர்களிடம் சொல்லிக்கொண்டிருப்பதுதான் இன்றும் ஆத்திரமூட்டுகிறது.

செலவைப் பற்றியும் ஒரு சொல். லாடம் மாற்றுவது என்று நாம் பொதுவாகச் சொல்வதால் ஒவ்வொரு முறையும் புது இரும்பு வாங்க வேண்டும் என்று தோன்றுகிறது. அப்படியல்ல. பழைய லாடம் நன்றாக இருந்தால் அதைக் கழற்றி, குளம்பைச் சீவி, அரத்தால் இராவிச் சமன்செய்து, அதையே புது ஆணிகளால் மீண்டும் அடிக்கலாம். உங்கள் லாடம் தேயவில்லை என்பது அவரை அழைக்காமலிருக்கக் காரணமாகாது. புது லாடம் வாங்காமலிருக்க வேண்டுமானால் காரணமாகலாம்.

காட்டுக் குதிரைக்கு யார் லாடம் அடித்தார்கள் என்று கேட்பவர்கள் கட்டாயம் வருவார்கள். லாடமில்லாமல் நலமாக இருக்கும் குதிரைகள் ஏராளம் உண்டு, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் காட்டுக் குதிரை முதுகில் ஆளைச் சுமப்பதில்லை. கரடுமுரடான தரையில் நெடுந்தொலைவு நடந்து தன் குளம்பைத் தானே தேய்த்துக்கொள்கிறது. கொட்டிலிலும் மணலிலும் நிற்கும் குதிரைக்கு லாடம் வேண்டாம் என்று முடிவு செய்தாலும், ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒருமுறை சீவுவதிலிருந்து விடுதலை இல்லை. வெயில் காலத்தில் வளர்ச்சி கூடும், குளிரில் குறையும். எனவே குளிர் மாதங்களில் ஒரு வாரம் தள்ளிப்போட்டால் குற்றமில்லை.

நாள்காட்டியை மட்டும் நம்பாமல் கையாலும் பாருங்கள். குளம்பின் வெளிச்சுவரில் ஆணிகளின் மடக்கிய முனைகள் வரிசையாகத் தெரியும். அவற்றின்மேல் கட்டைவிரலை மேலிருந்து கீழாக ஓட்டினால் வழவழவென்று போக வேண்டும். முனை எழுந்து விரலில் தட்டினாலோ, குளம்பு லாடத்தைத் தாண்டி வெளியே வழிந்திருந்தாலோ, கெட்டித் தரையில் நடக்கும்போது ஒரு காலின் ஒலி மட்டும் வேறாகக் கேட்டாலோ, எத்தனை வாரம் என்று எண்ணிக்கொண்டிருக்காமல் ஆளை அழையுங்கள். உங்கள் குதிரைக்கு இன்றே இதைப் பாருங்கள். அவர் வந்து சீவும்வரை ஓட்டத்தை நிறுத்தி, மெதுவாக நடத்துவதோடு விட்டுவிடுங்கள்.