யோருபா பேரை ரஷ்யன்ல எப்படி எழுதுறது? வாசகர் கேள்வி பதில்

கேள்வி: என் பொண்ணு ரஷ்யாவுல கசான்ல எம்பிபிஎஸ் படிக்கிறா. ரூம்மேட் நைஜீரியாப் பொண்ணு, யோருபாக்காரங்களாம். பேரு ஃபோலஷாடே அடேபாயோ. ஆனா பாஸ்போர்ட்ல எஃப் ஓ எல் ஏ, எஸ் ஏ டி ஈ-ன்னுதான் இருக்கு, எஸ்ஸுக்குப் பக்கத்துல எச் இல்ல. பாஸ்போர்ட்டை ரஷ்யன்ல மொழிபெயர்த்து நோட்டரி முத்திரை வாங்கணும், கம்ப்யூட்டர்ல போட்டா 'ஃபோலசாடே'ன்னு ஸ சத்தத்துல வருது, அந்தப் பொண்ணு இது என் பேரே இல்லன்னு வருத்தப்படுது. எப்படி எழுதுறது சரி?
- ஒரு வாசகி, வலங்கைமான்

பதில்: அந்தப் பொண்ணு சொல்றதுதான் சரிங்கம்மா. யோருபாங்கிற அவங்க பாஷையில எழுதுறது இங்கிலீஷ் எழுத்துலதான், ஆனா அதுக்கு மேலயும் கீழயும் குறி வச்சுக்குவாங்க. எஸ்ஸுக்கு அடியில புள்ளி வச்சா ஷ, வைக்கலன்னா ஸ. ஈ, ஓ ரெண்டுக்கும் அடியில புள்ளி வந்தா வாயை இன்னும் நல்லாத் திறந்து சொல்லணும். மேல வர்ற சாய்கோடு குரலை ஏத்தணுமா இறக்கணுமான்னு காட்டும். இந்தப் பொண்ணு பேர்ல எஸ்ஸுக்கு அடியில புள்ளி உண்டு. ஆனா பாஸ்போர்ட்ல கீழ மெஷின் படிக்கிற ரெண்டு வரி இருக்கு பாருங்க, அதுல ஏ-லேந்து இசட் வரைக்கும் 26 எழுத்துதான் போடமுடியும், புள்ளிக்கெல்லாம் இடமே கிடையாது, புள்ளி போச்சுன்னா ஷ-வும் போச்சு, அதுக்கப்புறம் அந்த இங்கிலீஷை மட்டும் பாத்து ரஷ்யன்ல எழுதுறவங்களுக்கு அங்க ஷ இருந்ததே தெரியாது.

சாடேன்னு நாம படிக்கிற பாடகி இருக்காங்கல்ல, 1959-ல நைஜீரியா இபாதான்ல பிறந்தவங்க, அவங்க முழுப்பேர்லயும் இதே ஃபோலஷாடேதான் இருக்கு, அவங்களை எல்லாரும் ஷாடேன்னுதான் கூப்பிடுறாங்க. 1986-ல இலக்கியத்துக்கு நோபல் வாங்குன வோலே சோயிங்காவும் யோருபாதான், அவர் பேரும் புள்ளி வச்ச எஸ்ஸுல ஆரம்பிக்குது, ரஷ்யன்ல அவரை ஷோயின்கான்னு ஒழுங்கா ஷ போட்டுத்தான் எழுதுறாங்க. நைஜீரியாவுக்கு 1999-லேந்து 2007 வரைக்கும் ஜனாதிபதியா இருந்த ஒபசாஞ்சோவோட முதல் பேரு ஒலுஷேகுன், அங்கயும் எஸ்ஸுக்கு அடியில புள்ளி உண்டு, ஆனா ரஷ்யன்ல ஒலுசேகுன்னுதான் வழக்கமாயிடுச்சு. எழுத்தாளருக்கு ஷ கிடைச்சுது, ஜனாதிபதிக்குக் கிடைக்கல. மொதல்ல எழுதுனவர் யோருபாக்காரங்க சொல்றதைக் கேட்டு எழுதுனாரா இங்கிலீஷைப் பாத்து எழுதுனாராங்கிறதுலதான் எல்லாம் இருக்கு.

நம்ம பக்கத்துக்காரங்களுக்கு இது சட்டுனு புரியும். தரங்கம்பாடிய ட்ராங்கிபார்னு எழுதி வச்சிருந்தாங்க, அந்த ட்ராங்கிபார எடுத்து இன்னொரு பாஷையில எழுதுனா தரங்கம்பாடி திரும்பி வருமா?

அதனால உங்க பொண்ணை ரூம்மேட் வாயால பேரை மெதுவாச் சொல்லச் சொல்லிக் கேட்டு அதை ரஷ்யன்ல எழுதச் சொல்லுங்க. ரஷ்யன்ல ஷ-வுக்குத் தனி எழுத்தே இருக்கு, மூணு கோடு நிமிந்து நிக்கும் அடியில ஒரு கோடு படுத்திருக்கும். ஸ-வுக்கு இருக்கிறது பாக்க இங்கிலீஷ் சி மாதிரியே இருக்கும். அந்த சி வரக்கூடாது, மூணு கோடு வரணும்.

அடேபாயோங்கிற குடும்பப் பேர்லயும் ஒரு சிக்கல் இருக்கு, இதை யாரும் கவனிக்கிறதில்ல. இங்கிலீஷ்ல ஒய் ஓ சேந்து வந்தா சில சாஃப்ட்வேர் அதை ரஷ்யன்ல 'யோ'ங்கிற ஒத்தை எழுத்தா மாத்திடும், தலையில ரெண்டு புள்ளி வச்ச எழுத்து அது. ரஷ்யாக்காரங்க அச்சுல அந்த ரெண்டு புள்ளியப் பல நேரம் போடவே மாட்டாங்க, ரஷ்யன் தெரிஞ்சவங்களுக்கு வார்த்தையப் பாத்தாலே தெரிஞ்சிடும், ஆனா வெளியூர்ப் பேர்ல எப்படித் தெரியும், புள்ளி விடுபட்டா அது 'யெ' ஆகிடும், அடேபாயோ அடேபாயெ-ன்னு ஆகி ரெண்டு பேப்பர்ல ரெண்டு பேரா நிக்கும். அதனால குட்டி ய் எழுத்தும் ஓ எழுத்தும் தனித்தனியாத்தான் வரணும். அடேபாயோர்ங்கிற டோகோ நாட்டு ஃபுட்பால் வீரர் பேரையும் ரஷ்யன்ல அப்படித்தான் எழுதுறாங்க.

இவ்வளவு பாத்தும் போறது போகத்தான் செய்யும். யோருபாவுல குரல் மூணு நிலையில வரும், 'ஒக்கோ' மாதிரி ஒரே வார்த்தை குரல் மாறுனா புருஷன், மண்வெட்டி, வண்டின்னு அர்த்தமே மாறிடும், ரஷ்யன்ல இதை எழுத வழியே இல்ல. அதோட ரஷ்யன்ல அழுத்தம் இல்லாத ஓ வாய்ல வர்றப்போ ஆ பக்கம் சாயும், ஃபோலஷாடேன்னு சரியா எழுதியிருந்தாலும் டீச்சர் ஃபலஷாடேன்னுதான் கூப்பிடுவாங்க. அதுக்கு ஒண்ணும் பண்ண முடியாது, ஆனா ஷ-வையும் யோ-வையும் காப்பாத்த முடியும், அதை விடக்கூடாது. அடேன்னா கிரீடம், அந்தப் பொண்ணோட ரெண்டு பேர்லயுமே அது இருக்கு, பெத்தவங்க யோசிச்சு வச்ச பேரு. தாத்தா போனதுக்கப்புறம் பிறக்கிற பையனுக்கு பாபாடுண்டே, அப்பா திரும்பி வந்துட்டார்னு வைக்கிறவங்க அவங்க. தாத்தா பேரைப் பேரனுக்கு வைக்கிற நமக்கு அதோட அருமை தெரியும்.

இப்ப முக்கியமான விஷயம். ரஷ்ய விசாவுல பேரு ரஷ்ய எழுத்துலயும் இருக்கும், இங்கிலீஷ் எழுத்துலயும் இருக்கும். மொதல்ல அதை எடுத்துப் பாக்கச் சொல்லுங்க. விசாவுலயே ஷ இருந்தா கவலையே இல்ல, அதையே நோட்டரி பேப்பருக்கும் கொடுத்துடலாம். விசாவுல ஸ இருந்தா, யூனிவர்சிட்டி பதிவும் அப்படியே இருந்தா, மனசு கேக்கலன்னாலும் பேப்பர்ல எல்லாம் அந்த ஸ-வையே வச்சுக்குறதுதான் நல்லது, ஏன்னா நாளைக்கு டிகிரி சர்டிஃபிகேட்ல ஒண்ணும் பழைய பேப்பர்ல ஒண்ணும் இருந்தா ரெண்டும் ஒரே ஆள்தான்னு நிரூபிக்க அலைய வேண்டியது அந்தப் பொண்ணுதான். ஹாஸ்டல் கதவுலயும் நோட்டுலயும் ஃப்ரெண்ட்ஸ் கூப்பிடுறதுலயும் ஷ இருக்கட்டும், அதை யாரும் தடுக்கமாட்டாங்க.

கேள்வி: என் மகள் கவிதாவும் ரஷ்யாவுலதான் படிக்கிறா. யூனிவர்சிட்டி கொடுத்த ஒரு பேப்பர்ல பேரு 'கவிதா'ன்னும் இன்னொண்ணுல 'கவித்யே'ங்கிற மாதிரியும் இருக்கு. தப்பா அடிச்சிட்டாங்களா?
- ஒரு வாசகர், மன்னார்குடி

பதில்: தப்பில்லைங்க, அது வேற்றுமை. நாம கவிதாவுக்குன்னு உருபு சேக்குறோம்ல, ரஷ்யன்ல பேரோட கடைசி எழுத்தே மாறிடும். வெளிநாட்டுப் பேரு ஆ-வுல முடிஞ்சா மாறும், ஓ, ஏ, ஊ, ஈ-ல முடிஞ்சா மாறாது. இப்ப நைஜீரியா ஜனாதிபதி போலா டினுபு பேரை எடுத்துக்கிட்டா போலா மாறும், டினுபு மாறாது. அந்தப் பேப்பர்ல 'இன்னாருக்குக் கொடுக்கப்பட்டது'ன்னு வர்ற இடத்துலதான் அப்படி இருக்கும், நீங்களே பாருங்க. அதை இந்தியாவுல இங்கிலீஷ்ல மொழிபெயர்க்கிறப்போ மட்டும் பாஸ்போர்ட்ல இருக்கிற மாதிரியே கவிதான்னு போடுறாங்களான்னு கூட உக்காந்து சரிபாருங்க.

கேள்வி: என் பையன் பேரு எழிலன். அடுத்து அவனையும் ரஷ்யாவுக்கு அனுப்பலாம்னு இருக்கோம். நம்ம ழ-வை எப்படி எழுதுவாங்க?
- ஒரு வாசகர், சீர்காழி

பதில்: உங்க ஊர்லயே ழ இருக்கு, கேள்வி சரியான இடத்துலேந்துதான் வந்திருக்கு. நாம ழ-வுக்கு இங்கிலீஷ்ல இசட் எச் போடுறோம். ரஷ்யாக்காரங்களுக்கு இசட் எச்-ன்னா அவங்ககிட்ட இருக்கிற வேற ஒரு எழுத்து, ஷ-வைத் தொண்டை அதிர அழுத்திச் சொன்னா வர்ற சத்தம். கேரளாவுல இருக்கிற கோழிக்கோடுங்கிற ஊர்ப் பேரை அப்படித்தான் ரஷ்யன்ல எழுதி வச்சிருக்காங்க, ழ அங்க சுத்தமா இல்ல. தமிழ்ங்கிற பேர்லயோ அவங்க ல போட்டிருக்காங்க, எனக்கு அதுதான் நம்ம வாய்க்குக் கிட்ட வர்ற மாதிரி இருக்கு. ஆனா பாஸ்போர்ட்ல இசட் எச் இருக்கிறப்போ மொழிபெயர்ப்பாளர் தானா ல போடமாட்டார், நீங்கதான் சொல்லணும். இன்னொண்ணு, எழிலனோட மொதல் எழுத்து. ரஷ்யன்ல ரெண்டு எ இருக்கு, பாக்க இங்கிலீஷ் ஈ மாதிரியே இருக்கிறது வார்த்தை ஆரம்பத்துல வந்தா 'யெ'ன்னு படிப்பாங்க, பையன் யெழிலன் ஆகிடுவான். திருப்பிப் போட்ட மாதிரி இருக்கிற இன்னொரு எ வரணும். அப்ளிகேஷன் அனுப்புறதுக்கு முன்னாடியே ரஷ்யன் தெரிஞ்ச ஒருத்தரை வச்சு முழுப்பேரையும் ரஷ்ய எழுத்துல தெளிவா ஒரு தாள்ல எழுதி, விசாவுக்குக் கொடுக்கிறப்போவும் மொழிபெயர்ப்புக்குக் கொடுக்கிறப்போவும் அதே தாளைக் காட்டுங்க. பிறப்புச் சான்றிதழையும் மொழிபெயர்க்கிறதா இருந்தா உங்க பேர்ல ழ இருக்கான்னு பாத்து அதுக்கும் அதே எழுத்தையே போடச் சொல்லுங்க.