பழைய ராஸ்பெர்ரி பையும் அப்பாவின் ஆம்ப்ளிஃபையரும்

கேள்வி: அண்ணா, நாங்கள் கோலாலம்பூர் செந்தூலில் இருக்கிறோம். மகன் பள்ளிப் புராஜெக்டுக்கு வாங்கிய ராஸ்பெர்ரி பை 3பி என்ற குட்டிக் கம்ப்யூட்டர் பலகை வீட்டில் சும்மா கிடக்கிறது. அப்பாவிடம் இருநூறு சிடிக்கு மேல் இருக்கும், கூடவே ஒரு பழைய ஆம்ப்ளிஃபையர், பெரிய ஸ்பீக்கர் இரண்டு. சிடி பிளேயர் போய்விட்டது. பையின் ஹெட்போன் துளையிலிருந்து வயர் எடுத்து ஆம்ப்ளிஃபையரில் செருகிப் பார்த்தேன், பாட்டுக்குப் பின்னால் 'உஸ்' என்று ஒரே சத்தம். பை 5 வாங்கினால் சரியாகுமா? எந்த மென்பொருளைப் போடுவது? அப்பா போன் பார்ப்பார். ஆனால் வானம் இருட்டினால் போதும், வீட்டில் எல்லாச் சுவிட்சையும் தட்டிவிடுவார். மின்னல் எஃப்எம் ரேடியோவும் அதிலேயே கேட்க முடிந்தால் நல்லது.

பதில்: பை 5 வேண்டாம். அதில் ஹெட்போன் துளையே கிடையாது, போதாததற்கு 5 வோல்ட் 5 ஆம்பியர் தரும் தனி சார்ஜர் வேறு கேட்கும். உங்கள் 3பி 2016இல் வந்த பலகை என்றாலும், இரண்டு சேனல் பாட்டு வாசிப்பதற்கு அதன் பலம் தாராளம். பாட்டு ஓடும்போது பிராசசர் பெரும்பாலும் சும்மாதான் இருக்கும். வேகமான பை வாங்குவதால் சத்தம் இனிமையாகிவிடாது.

அந்த 'உஸ்' எங்கிருந்து வருகிறது என்றால், 3பியின் ஹெட்போன் துளைக்குப் பின்னால் ஒழுங்கான ஒலிமாற்றிச் சிப், அதாவது டேக், இல்லை. ஒரு மின்துடிப்பை மிக வேகமாக அணைத்துப் போட்டு, அதை வடிகட்டி ஒலி மாதிரி ஆக்குகிறார்கள். சிடியில் 16 பிட் துல்லியம் இருக்கிறது, இந்த வழியில் கிடைப்பது சுமார் 11 பிட்தான். ஹெட்போனில் பரவாயில்லை என்று தோன்றும், ஆனால் பெரிய ஸ்பீக்கர் போட்டால் குட்டு வெளிப்பட்டுவிடும். அதற்கு முன்னால் ஒன்றைப் பாருங்கள்: ஆம்ப்ளிஃபையரின் பின்பக்கம் எந்தத் துளையில் செருகினீர்கள்? ஃபோனோ என்று எழுதியிருந்தால் அது இசைத்தட்டு பிளேயருக்கு உரியது, வருகிற சமிக்ஞையைப் பல மடங்கு பெருக்கி, பாஸையும் தூக்கிவிடும். ஆக்ஸ், சிடி, டேப் இன் இதில் ஏதாவது ஒன்றில்தான் செருக வேண்டும்.

சரி, டேக் எப்படிச் சேர்ப்பது? சாலிடரிங் பழக்கம் இல்லையென்றால் யூஎஸ்பி டேக் ஒன்று வாங்குங்கள், பின்னால் சிவப்பு வெள்ளை ஆர்சிஏ துளை இருப்பதாகப் பார்த்து. 'தனி டிரைவர் தேவையில்லை' என்று போட்டிருந்தால் லினக்ஸிலும் அநேகமாக அப்படியே வேலை செய்யும். 3பியில் யூஎஸ்பியும் லேன் கேபிளும் ஒரே பாதையைப் பங்கு போடுகின்றன, அதனால் பாட்டு திக்கும் என்று சிலர் பயமுறுத்துவார்கள். சிடி தரத்துக்கு நொடிக்கு 1.4 மெகாபிட் போதும், அந்தப் பாதை 480 மெகாபிட். விட்டுத்தள்ளுங்கள்.

மகனுக்கு வேலை வைக்க நினைத்தால் இன்னொரு வழி இருக்கிறது, செலவும் குறைவு. பிசிஎம்5102 என்ற சிப் வைத்த சின்னப் பலகை ஷாப்பியில் சில பத்து வெள்ளிக்குக் கிடைக்கும். ஜாலான் பாசார் பக்கம் எலக்ட்ரானிக்ஸ் கடைகளிலும் கேட்டுப் பார்க்கலாம். பையின் 40 பின் வரிசையில் 12ஆம் பின்னைப் பலகையின் பிசிகேவுக்கும், 35ஐ எல்சிகேவுக்கும், 40ஐ டினுக்கும், 2ஐ விஐஎன்னுக்கும், 6ஐ கிரவுண்டுக்கும் கொடுத்தால் முடிந்தது. எஸ்சிகே என்று இன்னொரு கால் இருக்கும், அதைக் கட்டாயம் கிரவுண்டோடு சேர்க்க வேண்டும். அதை அந்தரத்தில் விட்டுவிட்டுத்தான் பல பேர் 'பலகை டூப்ளிகேட், சத்தமே வரவில்லை' என்று கடைக்காரரைத் திட்டுகிறார்கள். மென்பொருளில் இதற்கு ஹைஃபைபெர்ரி டேக் என்பதைத் தேர்ந்தெடுக்கணும். டேக் பிளஸ் என்பது பிசிஎம்5122 என்ற வேறு சிப்புக்கு, அதைப் போட்டால் பலகை கண்ணில் படாது.

மின்சாரம். இதில் கஞ்சத்தனம் செய்தால் மற்ற எல்லாமே வீண். 3பிக்கு 5.1 வோல்ட் 2.5 ஆம்பியர் சார்ஜர் வேண்டும், மேசையில் கிடக்கும் போன் சார்ஜர் சரிப்படாது. சார்ஜரே நல்லதாக இருந்தாலும் மெல்லிசான நீள வயர் போட்டால் வழியிலேயே வோல்ட் குறைந்துபோகும். கண்டுபிடிப்பது சுலபம், பலகையில் இருக்கும் சிவப்பு விளக்கைப் பாருங்கள். 4.63 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் அது அணைந்துவிடும். பாட்டு நடுவில் விளக்கு மினுக்கினால் குற்றவாளி சார்ஜரோ வயரோதான், மென்பொருளைக் குறை சொல்ல வேண்டாம்.

இப்போது முக்கியமான விஷயம், உங்கள் அப்பாவின் சுவிட்சு. நம் வீட்டுப் பிளக் பாயிண்டுகளில் எல்லாம் சுவிட்சும் கூடவே இருப்பதால், பெரியவர்கள் எந்தச் சாமானையும் அங்கேதான் அணைப்பார்கள். அப்பா செய்வது தப்பும் இல்லை, கிள்ளான் பள்ளத்தாக்கில் இடி மின்னலுக்குக் குறைச்சலா என்ன? ஆனால் பை என்பது ரேடியோப் பெட்டி அல்ல, முழுக் கம்ப்யூட்டர். மெமரி கார்டில் ஏதோ எழுதிக்கொண்டிருக்கிற நொடியில் மின்சாரம் போனால் கார்டில் இருப்பது குழம்பும், அடுத்த முறை பெட்டி எழுந்திருக்காமலே போகலாம். 'அப்பா, முதலில் போனில் ஷட்டவுன் அழுத்தி, அரை நிமிஷம் பொறுத்து...' என்று 74 வயதுக்காரருக்கோ 34 வயதுக்காரருக்கோ பாடம் எடுப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. அவர் பழக்கத்தைத் தாங்குகிற மென்பொருளைப் போடுவதுதான் வழி.

அதனால்தான் உங்களுக்கு நான் சொல்வது பைகோர்பிளேயர். மூட் ஆடியோ, வோலூமியோ இரண்டும் நல்ல மென்பொருள்கள், திரையும் அவற்றில் அழகாக இருக்கும், முறையாக அணைக்கிற வீடாக இருந்தால் மூட் ஆடியோவைத்தான் சொல்லியிருப்பேன். பைகோர்பிளேயரோ பெட்டி தொடங்கும்போதே மொத்தமாக ரேமுக்கு, அதாவது தற்காலிக நினைவகத்துக்கு, ஏறிவிடும், அப்புறம் கார்டைத் தொட அதற்குப் பெரிதாக வேலை இல்லை. நீங்கள் ஏதாவது அமைப்பை மாற்றிச் சேமித்தால் அந்த நேரத்துக்கு மட்டும் எழுதும். இதில் ஒரு விதிவிலக்கு உண்டு: பாட்டுப் பட்டியலை வைத்திருக்கும் லிரியன் மியூசிக் சர்வர் (லாஜிடெக் மீடியா சர்வர் என்று இருந்ததுதான், 2024இல் பெயர் மாறியது) தன் தரவுத்தளத்தைக் கார்டில்தான் வைக்கும். திடீரென்று கரண்ட் போய் அது கெட்டால் மறுபடி ஸ்கேன் செய்யச் சொன்னால் போதும், பாட்டுகளுக்கு ஒன்றும் ஆகாது. இதே காரணத்துக்காகப் பாட்டுகளை அந்தக் கார்டிலேயே போட்டு வைக்காதீர்கள், தனிப் பென்டிரைவில் வையுங்கள்.

போடும் விதம் சிரமமில்லை. பைகோர்பிளேயரின் படிமக் கோப்பை இணையத்திலிருந்து இறக்கி, ராஸ்பெர்ரி பை இமேஜரிலோ பலேனா எட்சரிலோ கார்டில் எழுதுங்கள். முதல் தடவை வைஃபையோடு மல்லுக்கட்ட வேண்டாம், யூனிஃபை இணைய ரௌட்டரிலிருந்து லேன் கேபிள் இழுத்துவிடுங்கள். போன் பிரவுசரில் pcp.local என்று அடித்தால் பக்கம் திறக்கும். திறக்கவில்லையென்றால் ரௌட்டர் பக்கத்தில் பெட்டியின் ஐபி எண்ணைப் பாருங்கள். முதலில் கார்டின் பார்ட்டிஷனைப் பெரிதாக்கும் பொத்தான், அப்புறம் ஸ்குவீஸ்லைட் (பாட்டை வாசிக்கும் பகுதி) பக்கத்தில் டேக், அதற்குப் பிறகு எல்எம்எஸ் (மேலே சொன்ன லிரியன் சர்வர்தான்) பக்கத்தில் சர்வர், இந்த வரிசையில் போங்கள். பார்ட்டிஷனைப் பெரிதாக்காமல் சர்வரைப் போடப் போனால் இடம் போதாது என்று நின்றுவிடும். பென்டிரைவை இணைப்பதும் எல்எம்எஸ் பக்கத்தில்தான், எக்ஸ்ஃபேட் வடிவில் இருந்தால் அதற்கான கூடுதல் கோப்பு அமைப்பை அங்கேயே நிறுவிக்கொள்ள வேண்டும். எல்லாம் ஓடத் தொடங்கியபின் வைஃபைக்கு மாறலாம், ஆனால் 3பிக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும்தான் தெரியும். ரௌட்டரில் 5ஜி என்று முடிகிற பெயர் அதன் பட்டியலில் வரவே வராது.

அப்பா பாட்டைத் தேர்ந்தெடுப்பதற்குச் சர்வரில் மெட்டீரியல் ஸ்கின் என்ற பிளகினைச் சேர்த்து, அந்தப் பக்கத்துக்கு அவர் போன் முகப்பில் ஒரு குறுக்குவழி வைத்துக் கொடுங்கள். எழுத்து போனில்தான் தெரிகிறது என்பதால் தமிழ் ஒழுங்காக வரும். பையின் தலையில் மாட்டுகிற குட்டித் திரைகளை மகன் ஆசைப்பட்டுக் கேட்பான், அவற்றில் பெரும்பாலும் தமிழ் உடைந்து கட்டம் கட்டமாகத்தான் வரும், வேண்டாம்.

இனிமேல்தான் நிஜமான வேலை, சிடிகள். நம் ஊர் ஈரப்பதத்தில் பூஞ்சை பிடித்திருந்தால் சோப்புத் தண்ணீரில் மெல்லக் கழுவி, நடுவிலிருந்து வெளிப்பக்கம் நோக்கி நேராகத் துடையுங்கள், வட்டமாகத் தேய்க்கக்கூடாது. லேப்டாப்பில் சிடி டிரைவ் இல்லையென்றால் யூஎஸ்பி டிரைவ் லோ யாட் பிளாசாவில் கிடைக்கும். விண்டோஸில் எக்ஸாக்ட் ஆடியோ காப்பி என்ற இலவச மென்பொருளில், தரம் குறையாமல் சுருக்கும் ஃபிளாக் வடிவத்துக்கு எடுங்கள். ஒரு சிடிக்குச் சுமார் 300, 400 எம்பி என்று வைத்தால் 200 சிடிக்கு 80 ஜிபியைத் தாண்டாது, 128 ஜிபி பென்டிரைவ் ஒன்று போதும். பசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) வாங்கிய நூறு பாட்டு எம்பி3 சிடிகளும் கட்டாயம் இருக்கும். அவற்றை அப்படியே காப்பி செய்தால் போதும், ஃபிளாக்காக மாற்றினால் இடம்தான் அடைபடும், போன தரம் திரும்பாது.

எடுத்து முடித்து சர்வரைத் திறந்ததும் தலை சுற்றும். ஒரே படத்தின் ஐந்து பாட்டும் ஐந்து இடத்தில் சிதறிக் கிடக்கலாம். காரணம், இந்த மென்பொருள்கள் எல்லாம் 'ஒரு ஆல்பம், ஒரு பாடகர்' என்ற வழக்கத்துக்குச் செய்தவை. நம் சினிமாப் படத்தில் ஒரு பாட்டு டி.எம்.எஸ், அடுத்தது சுசீலா, அதற்கடுத்தது இருவரும். அப்பாவோ முதலில் படத்தைத் தேடுவார், இல்லாவிட்டால் இசையமைப்பாளரை. அதனால் எம்பி3டேக் என்ற மென்பொருளில் ஒரு ஒழுங்கு வைத்துக்கொள்ளுங்கள்: ஆல்பம் என்ற இடத்தில் படப் பெயர், ஆல்பம் ஆர்ட்டிஸ்ட், கம்போசர் இரண்டிலும் இசையமைப்பாளர், ஆர்ட்டிஸ்டில் பாடியவர்கள். பாடியவர் இருவர் என்றால் நடுவில் அரைப்புள்ளி போட்டு, சர்வர் அமைப்பிலும் அரைப்புள்ளிதான் பிரிப்பான் என்று சொல்லிவிட்டால், சுசீலாவைத் தொட்டதும் அவர் தனியாகப் பாடியது, சேர்ந்து பாடியது எல்லாம் வந்து நிற்கும். ஆல்பம் ஆர்ட்டிஸ்ட் என்ற அந்த ஒரு கட்டத்தை நிரப்பினாலே சிதறல் முக்கால்வாசி அடங்கிவிடும்.

எழுத்துக்கூட்டலையும் சொல்லியாக வேண்டும். ஆங்கிலத்தில் இளையராஜா பெயரை மூன்று நான்கு விதமாக எழுதி வைத்திருப்பார்கள், பெட்டியைப் பொறுத்தவரை அவர்கள் மூன்று நான்கு ஆட்கள். எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து ஒரே தடவையில் தமிழில் மாற்றிவிடுங்கள். 2000ஆம் ஆண்டை ஒட்டிய பழைய எம்பி3களில் பெயர்கள் புள்ளியும் கொம்பும் வைத்த ஐரோப்பிய எழுத்துகளாகத் தெரிந்தால் அது திஸ்கி மாதிரியான பழைய குறியாக்கம், யூனிகோடு மாற்றியில் ஒட்டினால் தமிழாகிவிடும். இருநூறு சிடியையும் ஒரே வாரத்தில் முடிக்கப் பார்க்காதீர்கள், சலித்துப்போகும். அப்பாவையே பக்கத்தில் உட்காரவைத்து அவர் கேட்கும் படங்களிலிருந்து தொடங்குங்கள், யார் பாடியது என்று இணையத்தைவிட அவருக்கே நன்றாகத் தெரிந்திருக்கும்.

மின்னல் எஃப்எம் தாராளமாகக் கேட்கலாம். அதன் இணைய ஒலிபரப்பு முகவரியைச் சர்வரில் சேர்த்து, வருகிறதா என்று பார்த்துவிட்டு, விருப்பப் பட்டியலில் வையுங்கள். பிறகு பைகோர்பிளேயரின் ட்வீக்ஸ் பக்கத்தில், பெட்டி தொடங்கியதும் விருப்பப் பட்டியலில் உள்ள ஒன்றைத் தானாக ஓடவிடும் வசதி இருக்கிறது, அதில் மின்னலைக் கொடுத்துவிடுங்கள். அப்பா சுவிட்சைப் போட்டால் பெட்டி எழும்ப கொஞ்ச நேரம் எடுக்கும், அப்புறம் போனைத் தொடாமலே ரேடியோ பாடும். சத்தத்தை ஆம்ப்ளிஃபையரின் குமிழிலேயே கூட்டிக் குறைக்கச் சொல்லுங்கள், பையில் முழு அளவில் விட்டுவிடலாம்.

இடி இடிக்கும்போது சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. பிளக்கை உருவவும் வேண்டும், லேன் கேபிளைப் பிடுங்கவும் வேண்டும், அந்த வயர் வழியாகவும் மின்வீச்சு உள்ளே வரும். இந்த ஒரு காரணத்துக்காகவே கடைசியில் வைஃபைக்கு மாறிவிடுவது மேல். பலகைக்கு ஒரு பிளாஸ்டிக் கூடு போடுங்கள், பல்லி ஏறிச் ஷார்ட் ஆவது நம் வீடுகளில் நடக்கிற காரியம். எல்லாம் சரியாக ஓடத் தொடங்கிய நாளில் அந்தக் கார்டை அப்படியே இன்னொரு கார்டில் நகலெடுத்து ஆம்ப்ளிஃபையரின் அடியில் ஒட்டி வைத்துவிடுங்கள், பென்டிரைவுக்கும் லேப்டாப்பில் ஒரு நகல் இருக்கட்டும். கார்டு என்றைக்காவது மக்கர் செய்தால், நீங்கள் வேலையில் இருந்தாலும் மகன் மாற்றிப் போட்டுக்கொள்வான்.