மெட்ரோ சாசனத்துக்கு யார் ஓட்டுப் போடலாம்?

கேள்வி: அமெரிக்காவில் ஓரிகன் மாநிலம், பீவர்ட்டனில் இருக்கிறேன். குடியுரிமை வாங்கிவிட்டேன். போர்ட்லாந்து வட்டாரத்தை நிர்வகிக்கும் ‘மெட்ரோ’ அமைப்பின் சாசனத்தை, அதாவது அதன் அடிப்படைச் சட்டத்தை, திருத்த ஓட்டெடுப்பு வைத்தால், எங்கள் வாஷிங்டன் கவுண்டி (மாவட்டம் மாதிரி) எதிர்த்தாலும் நிறைவேறிவிடுமா? என்னோடு இருக்கும் அப்பா கிரீன் கார்டில் இருக்கிறார். அவர் ஓட்டுப் போடலாமா?

பதில்: நிறைவேறிவிடும். ஓரிகன் அரசியலமைப்பின் 11ஆம் அத்தியாயம், 14ஆம் பிரிவுப்படி, மெட்ரோ சாசனத்தை ஏற்கவோ திருத்தவோ ரத்து செய்யவோ, ஓட்டுப் போட்டவர்களில் பெரும்பான்மை போதும். கவுண்டிவாரியாகத் தனித்தனிப் பெரும்பான்மை தேவையில்லை; மெட்ரோ எல்லைக்குள் விழும் ஓட்டெல்லாம் ஒரே கணக்கு. போடாதவர்கள் அந்தக் கணக்கிலேயே வரமாட்டார்கள். அதனால் தயவுசெய்து நீங்கள் போட்டுவிடுங்கள். 1992 நவம்பரில் முதல் சாசனமே மக்கள் ஓட்டில்தான் பிறந்தது. 2000இல் நிர்வாக அதிகாரி பதவியை எடுத்துவிட்டு, கவுன்சில் தலைவரை வட்டாரம் முழுவதும் சேர்ந்து தேர்ந்தெடுக்கும் முறை வந்ததும் ஓட்டில்தான்.

நண்பர்களும் கேட்டால், முதலில் வீடு எல்லைக்குள் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். ஒரே கவுண்டிதான், ஆனால் ஹில்ஸ்பரோ உள்ளே, நார்த் ப்ளெயின்ஸ் வெளியே.

சரி, அப்பா விஷயம். இதைத்தான் நான் அழுத்திச் சொல்ல வேண்டும்: அவர் ஓட்டுப் போடவே கூடாது. கிரீன் கார்டு எத்தனை வருடம் கையில் இருந்தாலும் ஓட்டுரிமை கிடையாது. ஓரிகனில் வாக்குச்சீட்டு தபாலில் வீட்டுக்கே வந்துவிடும். ஓட்டுநர் உரிமம் எடுக்கும் இடத்திலேயே வாக்காளர் பதிவும் தானாக நடக்கிறது. அதில் குடியுரிமை இல்லாதவர்களின் பெயர்களும் தவறுதலாகச் சேர்ந்தது 2024இல் தெரியவந்தது. அப்பா பெயரில் உறை வந்தால், ‘அரசாங்கமே அனுப்பியிருக்கிறதே’ என்று நினைத்து, சாப்பாட்டு மேசையில் உங்கள் சீட்டோடு சேர்த்து அதையும் நிரப்பிக் கையெழுத்து வாங்கிவிடாதீர்கள். அந்த ஒரு கையெழுத்து குற்ற வழக்காகலாம், நாடுகடத்தல் வரை போகலாம்.

உறை வந்தால், பிரிக்காமல் அப்படியே வைத்துக்கொண்டு, பதிவை ரத்து செய்யும்படி கவுண்டி தேர்தல் அலுவலகத்துக்கு அப்பா கையெழுத்தோடு கடிதம் எழுதுங்கள். நகல் பத்திரமாக இருக்கட்டும். குடியுரிமை விண்ணப்பத்தில் ‘எப்போதாவது வாக்காளராகப் பதிவு செய்தீர்களா, ஓட்டுப் போட்டீர்களா’ என்ற கேள்வி உண்டு. பெயர் சேர்ந்திருந்தது என்று தெரிந்தால், விண்ணப்பம் போடும் முன் குடியேற்ற வழக்கறிஞர் ஒருவரிடம் அந்த நகலைக் காட்டுங்கள்.