மருந்தடிக்கிற வேலையா? – கடிதம்

அன்புள்ள அண்ணா,

நான் ஹூஸ்டனில் வளர்ந்தவள். வயது 24. விமானம் ஓட்டுவதற்கான கமர்ஷியல் லைசென்ஸ், இன்ஸ்ட்ருமென்ட் (கருவிகளை வைத்துப் பறப்பது), மல்டி எஞ்சின் மூன்றும் முடித்தாயிற்று. பறந்த கணக்கை எழுதும் லாக்புக்கில் 312 மணி நேரம் இருக்கிறது. கூடப் படித்தவர்கள் எல்லாரும் இன்ஸ்ட்ரக்டராகி, 1500 மணியைத் தொட்டு, ரீஜனல் ஏர்லைன்ஸில், அதாவது பெரிய ஏர்லைன்ஸுக்காகக் குறுந்தூரம் பறக்கும் கம்பெனிகளில், சேர்வதுதான் வழி என்கிறார்கள். எனக்கு அதில் மனம் ஒட்டவில்லை. வேறு ஊரில் வேலை, அரைகுறைத் தூக்கம், ஒரே வீட்டில் பத்துப் பேர் தங்குவது என்று கேள்விப்பட்டதெல்லாம் பயமுறுத்துகிறது. விளம்பரப் பேனர் இழுப்பது, வானிலிருந்து நிலத்தைப் படமெடுக்கும் சர்வே, வயலுக்கு மருந்தடிப்பது என்று வேறு வேலைகளும் இருக்கின்றனவே என்றேன். "மருந்தடிக்கிற வேலைக்கா ஒரு லட்சம் டாலர் கடன் வாங்கினோம்?" என்று அப்பா கேட்கிறார். நீங்கள் பைப்லைன் மேல் பறந்த நாட்களைப் பற்றி எழுதியதைப் படித்தேன். ரீஜனல் பக்கமே போகாமல் பிழைக்க முடியுமா?

ந.

அன்புள்ள ந.,

முடியும். நான் பிழைத்துக்கொண்டுதானே இருக்கிறேன்.

ஆனால் உங்கள் பயத்தில் பாதி பழைய பயம். 2009 பிப்ரவரி 12 இரவு, பஃபலோ நகருக்குப் பக்கத்தில் கோல்கன் ஏர் என்ற ரீஜனல் கம்பெனியின் 3407 விமானம் விழுந்து ஐம்பது பேர் இறந்தார்கள். அந்த விமானத்தின் ஃபர்ஸ்ட் ஆபீசர் (துணை பைலட்) முந்தைய இரவு சியாட்டிலிலிருந்து சரக்கு விமானங்களில் தொற்றிக்கொண்டு நியூவார்க் வந்து சேர்ந்தவர். விசாரணையில் அவருடைய சம்பளமும் தூக்கமும் சந்தி சிரித்தன. நீங்கள் கேள்விப்பட்ட கதைகளெல்லாம் அந்தக் காலத்தவை. அந்த விபத்தின் விளைவாக 2010-ல் சட்டம் வந்தது, 2013 முதல் ஏர்லைன்ஸில் ஃபர்ஸ்ட் ஆபீசருக்கும் 1500 மணி என்று ஆயிற்று. வேடிக்கை என்னவென்றால், அன்று விழுந்த விமானத்தை ஓட்டிய இருவருமே 1500-ஐத் தாண்டியவர்கள். விதி விபத்துக்கு மருந்தானதோ இல்லையோ, சம்பளத்துக்கு ஆனது. ஆள் கிடைக்காமல் போய், 2022 கோடையில் அமெரிக்கன் ஏர்லைன்ஸின் துணை நிறுவனங்கள் முதலாண்டு ஃபர்ஸ்ட் ஆபீசருக்கே மணிக்கு 90 டாலர் என்று அறிவித்தன. ஆகவே பட்டினிக்குப் பயந்து விலகுவதாக இருந்தால் மறுபடி யோசியுங்கள். வேறு ஊரில் போய்க் கிடக்க முடியாது என்பது காரணமென்றால் அது இன்றும் செல்லும். ஆனால் நீங்கள் ஆசைப்படும் வேலைகளில் சில அதைவிட மோசம். சர்வே பைலட் வருஷத்தில் பாதியை மோட்டலில் கழிப்பான்.

இன்னொன்று. 1500 என்பது பார்ட் 121, அதாவது ஏர்லைன்ஸுக்கான கணக்கு. பள்ளியில் இதை ஏதோ ஆகாயத்துக்கே உள்ள நுழைவுக் கட்டணம் மாதிரி சொல்லிவைத்திருக்கிறார்கள். வாடகை விமானமும் சிறு சரக்கு விமானமும் பறக்கிற பார்ட் 135-ல் கணக்கு வேறு. கண்ணால் பார்த்துப் பறக்கும் வேலைக்குக் கேப்டனாக உட்கார 500 மணி போதும், அதில் 100 மணி வெளியூர்ப் பறப்பு, 25 மணி இரவு வெளியூர்ப் பறப்பு. மேகத்துக்குள் கருவிகளை வைத்துப் பறக்க 1200. வலது இருக்கைக்கு, அதாவது துணை பைலட்டுக்கு, கமர்ஷியலும் இன்ஸ்ட்ருமென்ட்டும் இருந்தால் சட்டம் தடுக்காது. உங்கள் முதல் படியான 500-க்கு இன்னும் 188 மணிதான் பாக்கி.

சட்டம் தடுக்காத இடத்தில் இன்சூரன்ஸ்காரர் தடுப்பார். எனக்கு 280 மணி இருந்தபோது ஓக்லஹோமாவில் ஒரு முதலாளி லாக்புக்கைப் புரட்டிவிட்டு, "எனக்கு உன்னைப் பிடித்திருக்கிறது, என் இன்சூரன்ஸுக்குப் பிடிக்கவில்லை" என்று திருப்பிக் கொடுத்தார். மூன்று மாதம் அவருடைய ஹேங்கரில் (விமானக் கொட்டகையில்) எண்ணெய் மாற்றினேன், கண்ணாடி துடைத்தேன், காலி விமானத்தை ஒர்க்‌ஷாப்புக்கு ஓட்டிப்போக அவருடைய பைலட்டுக்குத் துணையாகப் போனேன். அப்புறம் அவரே இன்சூரன்ஸ்காரரிடம் பேசி என் பெயரைச் சேர்த்தார். இமெயிலில் பயோடேட்டா அனுப்பி இந்த வேலைகள் கிடைத்து நான் பார்த்ததில்லை.

அப்படிக் கிடைத்ததுதான் பைப்லைன் வேலை. எண்ணெய்க் குழாய் போகும் தடத்தை வருஷத்துக்குக் குறைந்தது 26 முறை, மூன்று வாரத்துக்கு மேல் இடைவெளி விழாமல், பார்வையிட வேண்டும் என்பது அமெரிக்க மத்திய அரசின் விதி. நடந்தும் பார்க்கலாம், வண்டியிலும் போகலாம். நூற்றுக்கணக்கான மைலுக்கு விமானம்தான் மலிவு. எண்ணெய் விலை ஏறினாலும் இறங்கினாலும் குழாயை யாராவது பார்த்துத்தான் ஆகவேண்டும் என்பதால் வேலை வற்றுவதில்லை. மேலே இறக்கை வைத்த பழைய செஸ்னா, தன்னந்தனியாக, தாழப் பறக்கவேண்டும். பச்சைப் புல்லுக்கு நடுவே திட்டாகக் காய்ந்த இடம், குட்டையில் எண்ணெய்ப் பளபளப்பு, குழாய் இருப்பது தெரியாமல் பள்ளம் தோண்டும் பொக்லைன். இந்த மூன்றாவதுதான் உண்மையான ஆபத்து. பார்த்தவுடன் ஃபோன் போக வேண்டும். ஒருமுறை ஒரு விவசாயி குழாய்க்கு நேர் மேலே வேலிக்கம்பம் நட்டுக்கொண்டிருந்தார். நான் சுற்றிச் சுற்றி வர, அவர் என்னைப் பார்த்து உற்சாகமாகக் கை அசைத்துவிட்டு மறுபடி தோண்டினார்.

ஜூலையில் அந்தத் தாழ்வில் வெப்பக்காற்று விமானத்தை முறத்தில் போட்டுப் புடைக்கும். மின்கம்பியும் செல்ஃபோன் கோபுரமும் எப்போதும் மனதின் ஓரத்தில் இருக்க வேண்டும். காற்று மாறினால் திரும்புவதா, எரிபொருளுக்கு எங்கே இறங்குவது, மேகம் கவிந்தால் பாதியில் விடுவதா என்று கேட்க ஆள் இல்லை. நல்ல மாதத்தில் எண்பது, தொண்ணூறு மணி சேரும். எனக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தது பள்ளி. எப்போது ஓட்டக்கூடாது என்பதை அந்த வேலைதான் கற்றுக்கொடுத்தது.

பேனர் வேலையில் அட்டகாசமான ஒரு கணம் உண்டு: இரண்டு கம்பத்துக்கு நடுவில் கட்டிய கயிற்றைக் கொக்கியால் கவ்வி, மூக்கைச் செங்குத்தாகத் தூக்குவது. மற்ற நேரமெல்லாம் கடற்கரையோரம் ஊர்வலம். பாராசூட் குதிப்பவர்களை ஏற்றிப்போகும் வேலையில் மணி குறைவாகவும் இறங்குவது அதிகமாகவும் சேரும், கை பழகும். ஆனால் விமானத்தின் பராமரிப்புப் புத்தகத்தைக் காட்டச் சொல்லுங்கள், காட்டாதவரிடம் சேராதீர்கள். 2019 ஜூன் 21-ல் ஹவாயில் அப்படிக் குதிப்பவர்களை ஏற்றிப்போன ஒரு கிங் ஏர் விமானம் விழுந்து பதினொரு பேரும் இறந்தார்கள்.

இனி அப்பாவின் கேள்வி. மருந்தடிக்கும் விமானத்தில் 312 மணிக்காரியை யாரும் ஏற்ற மாட்டார்கள், அப்பா நிம்மதியாக இருக்கலாம். ஒன்றிரண்டு சீசன் தரையில் நின்று மருந்து கலந்து தொட்டியில் ஏற்றும் வேலைதான் கிடைக்கும். இந்த விமானங்களில் பெரும்பாலும் ஒரே இருக்கை, கூட உட்கார்ந்து சொல்லித்தர இடமில்லை. பயிருக்கு மேல் பத்தடியில் பறந்து கம்பிக்கு முன்னால் ஏறித் திரும்பவேண்டும். அதனால் முதலாளிகள் ஆளை நிதானமாகத்தான் எடை போடுவார்கள். தேறியவர்களுக்குச் சம்பாத்தியம் நன்றாகவே இருக்கும்.

கௌரவக் குறைச்சல் என்று நினைக்கிறார் என்றால் அவருக்கு ஒரு விஷயம் சொல்லுங்கள். 1920-களில் பருத்திக் காயைத் துளைக்கும் வண்டு தென் மாநிலங்களை அழித்துக்கொண்டிருந்தபோது, ஹஃப் டாலண்ட் டஸ்டர்ஸ் என்ற கம்பெனி ஜார்ஜியாவின் மேக்கனில் தொடங்கி, பிறகு லூசியானாவின் மன்ரோவுக்குப் போய், விமானத்திலிருந்து மருந்து தூவியது. 1928-ல் அது கைமாறிப் புதுப்பெயர் பெற்றது, 1929-ல் பயணிகளை ஏற்றத் தொடங்கியது. அந்தப் பெயர் டெல்டா. அப்பா ஊருக்குப் போகும்போது அட்லாண்டாவிலோ டெட்ராய்டிலோ ஏறியிருப்பாரே, அதே டெல்டா ஏர்லைன்ஸ்.

இன்று நான் ஓட்டுவது செஸ்னா கேரவன் என்ற சிறு சரக்கு விமானம். வால் மேல் பெரிய கூரியர் கம்பெனியின் பெயர் இருக்கும், எனக்குச் சம்பளம் தருவது அவர்களுக்காக ஒப்பந்தத்தில் பறக்கும் இன்னொரு கம்பெனி. விடியற்காலையில் பெட்டிகளோடு ஒரு சிற்றூருக்குப் போய், பகலெல்லாம் காத்திருந்து, சாயங்காலம் திரும்பும் பெட்டிகளோடு வருவேன். இந்தத் தளத்தில் நீங்கள் படிப்பதில் பாதி அந்தப் பகல்களில் எழுதியது. இரவு வீட்டுச் சாப்பாடு. நீங்கள் தேடுவது இது என்றால் 188 மணிக்கு அப்புறம் 1200 வரை பொறுமையாக இருக்கவேண்டும், அல்லது இரண்டு பைலட் வைத்துப் பறக்கும் கம்பெனியில் வலது இருக்கையில் தொடங்கலாம்.

வலது இருக்கையில் ஒரு வம்பு இருக்கிறது. ஒரே பைலட் போதும் என்று சான்று பெற்ற விமானத்தில் சும்மா பக்கத்தில் உட்கார்ந்தால் அந்த மணியை லாக்புக்கில் எழுத முடியாது. அந்த இருக்கையைக் கட்டாயமாக்கும் விதியோ, எஃப்.ஏ.ஏ. (அமெரிக்க அரசின் விமானத் துறை) ஒப்புதல் பெற்ற திட்டமோ அந்தக் கம்பெனியிடம் இருக்கவேண்டும். சேருமுன் எழுத்தில் கேளுங்கள். அதைவிடப் பெரிய வம்பு, "என் விமானம், என் நண்பர்கள், நீ ஓட்டு, ஆளுக்கு இவ்வளவு தருவார்கள்" என்று வரும் அழைப்பு. முதலாளி தன் சொந்தப் பயணத்துக்கு உங்களை அமர்த்தினால் தப்பில்லை. பயணிகள் காசு கொடுத்து விமானத்தையும் பைலட்டையும் சேர்த்து எடுத்தால் அது சார்ட்டர், அதாவது வாடகை விமானத் தொழில், அதற்குத் தனிச் சான்று வேண்டும். இல்லாமல் பறந்து மாட்டினால் உங்கள் லைசென்ஸும் போகும், அடுத்து வேலை கேட்கும் இடத்தில் அது பதிவாகவும் நிற்கும். 300 மணிக்காரர்களைத்தான் குறிவைத்துக் கூப்பிடுவார்கள். என்னையும் ஒரு பழைய கார் வியாபாரி கூப்பிட்டார், நல்ல வேளையாக அன்று எனக்குக் காய்ச்சல்.

இன்ஸ்ட்ரக்டர் வேலையை அடியோடு தள்ளிவிட வேண்டாம். சனி ஞாயிறில் இரண்டு மாணவர்கள் இருந்தாலும் வாடகைக்குக் காசாயிற்று. அதோடு வால்சக்கர விமானம் ஓட்டலாம் என்று இன்ஸ்ட்ரக்டர் லாக்புக்கில் போடும் கையெழுத்தை வாங்கிவிடுங்கள், பேனருக்கும் மருந்தடிப்புக்கும் அது இல்லாமல் பேச்சே எடுக்க முடியாது. பிறகு ஒரு நாள் காரை எடுத்துக்கொண்டு கிழக்கு டெக்சாஸ், லூசியானா பக்கம் சிறு விமான நிலையங்களாக இறங்கி ஏறுங்கள். பிப்ரவரிக்குள் போங்கள். ஏப்ரலில் போனால் யாருக்கும் உங்களிடம் பேச நேரம் இருக்காது.