மார்பகப் புற்றுநோய்: ஊர்ப் பணத்தை எதற்குச் செலவழிப்பது?

காரைக்குடி வட்டாரத்தில் மார்பகப் புற்றுநோய் வந்த பெண்களுக்கு உதவும் ஒரு குழுவில் கணக்கு வழக்கு பார்க்கிறேன். மருத்துவர் இல்லை. பணம், பேப்பர் வேலை, அலைச்சல் பற்றி வந்த கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்த பதில்கள் இவை.

ஆத்தங்குடியிலிருந்து: அக்கா, எங்கள் டைல்ஸ் பட்டறையில் வேலை பார்க்கிற அம்மாவுக்குப் புற்றுநோய் என்று சொல்லிவிட்டார்கள். எல்லாரும் சேர்ந்து வசூல் செய்கிறோம். ஆஸ்பத்திரியில் நேரே கட்டிவிடலாமா?

பொறுங்கள் தம்பி. முதலில் முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கிறதா என்று கேளுங்கள். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை கிடைக்கும். ஆப்பரேஷன், கீமோ, கதிர்வீச்சு மூன்றும் இதில் அடங்கும். அட்டை இல்லையென்றால் வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதார் மூன்றையும் எடுத்துக்கொண்டு சிவகங்கை கலெக்டர் ஆபீசில் உள்ள காப்பீட்டு மையத்துக்குப் போகச் சொல்லுங்கள். சந்தேகம் இருந்தால் 1800 425 3993க்கு போன் செய்யலாம், காசு கிடையாது.

உங்கள் வசூல் காப்பீடு தொடாத செலவுக்குத்தான் தேவைப்படும். அந்த அம்மா இழக்கிற கூலி, துணைக்குப் போகிறவர் இழக்கிற கூலி, பஸ், சாப்பாடு, வீட்டு வாடகை, பிள்ளைகளின் பீஸ். நான் பார்த்தவரை மூன்றாவது கீமோவுக்கோ நான்காவது கீமோவுக்கோ போகாமல் நின்றுவிடுகிறவர்கள் இதனால்தான் நிற்கிறார்கள். மொத்தமாகக் கொடுத்தால் பழைய கடனுக்குப் போய்விடும். மாதாமாதம் கொடுங்கள்.

தேவகோட்டையிலிருந்து: அம்மாவுக்குக் கதிர்வீச்சு மதுரையில். காரைக்குடியிலிருந்து தினமும் போய் வர முடியுமா?

முடியும், ஆனால் வேண்டாம். சிகிச்சை சில நிமிடம்தான், அதற்காக வாரத்துக்கு ஐந்து நாள் வீதம் மூன்று முதல் ஐந்து வாரம் வரை போக வேண்டியிருக்கும். கீமோவில் அலுத்த உடம்பை தினமும் நாலு மணி நேரம் பஸ்ஸில் குலுக்கினால் என்ன ஆகும்? காசி, ராமேஸ்வரம், பழனி என்று போன இடமெல்லாம் சத்திரம் கட்டிய ஊர்க்காரர்கள் நாம். மதுரையில் பெரியாஸ்பத்திரி பக்கம் சமையலறையோடு ரெண்டு அறை வாடகைக்கு எடுத்துப் போட ஏதாவது ஓர் ஊரின் நகரத்தார் சங்கம் மனது வைத்தால் போதும். கும்பாபிஷேகத்துக்கு வசூலிக்கத் தெரிந்த நமக்கு இது ஒரு வேலையே இல்லை.

சென்னையில் அடையாறு புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள் ரயில் சலுகையை விட்டுவிடாதீர்கள். பல்லவன் ரயிலில் உட்கார்ந்து போனால் நோயாளிக்கும் துணைக்கும் 75 சதவீதம் தள்ளுபடி. ராத்திரி வண்டியில் ஸ்லீப்பர் அல்லது மூன்றடுக்கு ஏசி என்றால் நோயாளிக்கு டிக்கெட்டே இலவசம், துணைக்கு 75 சதவீதம். அதற்கான படிவத்தில் ஆஸ்பத்திரியில் சான்று வாங்கி ஸ்டேஷன் கவுண்ட்டரில் கொடுக்க வேண்டும்.

சிங்கப்பூரிலிருந்து: என்னிடம் சிங்கப்பூர் பாஸ்போர்ட். ஊர் அறக்கட்டளைக்குப் பணம் அனுப்பலாமா?

அந்த அறக்கட்டளைக்கு வெளிநாட்டு நன்கொடை பதிவு இருந்தால் மட்டும் அனுப்புங்கள் அண்ணே. ஓசிஐ அட்டை (இந்திய வம்சாவளி வெளிநாட்டுக் குடிமக்களுக்குத் தருவது) வைத்திருந்தாலும் சட்டப்படி நீங்கள் வெளிநாட்டவர்தான். இன்னும் இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருக்கிற உங்கள் தம்பி சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அந்தச் சிக்கல் இல்லை. ஆனால் உங்கள் பணத்தை அவர் பெயரில் அனுப்பச் சொல்லாதீர்கள், அது அறக்கட்டளையின் கழுத்துக்குக் கத்தி.

பள்ளத்தூரிலிருந்து: நோயாளியின் போட்டோ போட்டால்தான் வசூலாகிறது என்கிறார்கள். போடலாமா?

கூடாது. கல்யாணத்துக்குப் பெண் இருக்கிற வீடாக இருக்கும், நாளைக்குப் பெண் பார்க்க வருகிறவர்கள் இதைத்தான் முதலில் பேசுவார்கள். எங்கள் நோட்டில் பெயருக்குப் பதில் எண்தான். கணக்கு கேட்கிறவருக்கு எவ்வளவு, எதற்கு என்று காட்டுவோம், யாருக்கு என்று சொல்ல மாட்டோம். செக்கைப் பிடித்துக்கொண்டு நிற்க வைத்துப் படம் எடுக்கிற வழக்கம் எனக்குக் கொஞ்சமும் பிடிக்காது.

கோட்டையூரிலிருந்து: அக்டோபரில் ஊரில் மேமோகிராம் (மார்பக எக்ஸ்ரே) முகாம் வைக்கலாமா?

முகாமுக்கு அடுத்த வாரம் என்ன செய்வீர்கள் என்று சொல்லுங்கள். கட்டி இருக்கிறது என்று தெரியவந்த பெண்ணை ஸ்கேனுக்கும் பயாப்சிக்கும் (சதை எடுத்துப் பார்க்கிற பரிசோதனை) கூட்டிப் போக ஆளும் பணமும் எடுத்து வைத்துவிட்டு முகாம் போடுங்கள். மேமோகிராம் பொதுவாக 40 வயதுக்கு மேல்தான். 30 தாண்டியவர்களுக்கு அரசு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இலவசமாகப் பரிசோதிக்கிறார்கள், அங்கே போகச் சொன்னாலே பாதி வேலை முடிந்தது.

புதுக்கோட்டையிலிருந்து: அடையாறு ஆஸ்பத்திரியை ஆரம்பித்தவர் எங்கள் ஊர்க்காரராமே?

ஆமாம், 1886இல் அங்கே பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். பெண்கள் சங்கத்தில் நிதி திரட்டி, 1954இல் 12 படுக்கையோடு தொடங்கினார்.

புதுவயலிலிருந்து: ஊசி போட்டுச் சதை எடுத்தால் நோய் பரவும் என்று மாமியார் தடுக்கிறார். நாட்டு மருந்துக்கு உதவுவீர்களா?

பயாப்சியால் பரவாது. எந்த வகைப் புற்றுநோய் என்று தெரியாமல் டாக்டரால் மருந்தே முடிவு செய்ய முடியாது. சிகிச்சையை விட்டுவிட்டு நாட்டு மருந்து என்றால் எங்கள் பணம் வராது. மாமியாரிடம் பேச, இதே சிகிச்சை முடித்த ஒருவரை வீட்டுக்கு அனுப்புகிறோம்.

கானாடுகாத்தானிலிருந்து: எனக்கு 72 வயது. பணம் கொடுக்க வசதியில்லை. குரோஷா பின்னுவேன்.

ஆச்சி, உங்களைத்தான் தேடிக்கொண்டிருந்தேன். மார்பை எடுத்தவர்கள் உள்ளாடைக்குள் வைத்துக்கொள்ள மெத்தென்ற பருத்தி நூலில் மார்பு வடிவம் பின்னித் தரலாம். சிலிக்கானில் செய்தது விலை அதிகம், நம் வெயிலுக்குப் புழுங்கும். கம்பளி நூல் வேண்டாம், உறுத்தும். உள்ளே அடைக்கிற பஞ்சைக் கழற்றித் துவைக்கிற மாதிரி பின்பக்கம் திறப்பு விடுங்கள். அளவு எழுதி நூலோடு கொடுத்து அனுப்புகிறேன்.