அரிதாரம் பூசினால் முட்டிவலி தெரிவதில்லை!

கேள்வி: எனக்கு 67 வயது. வேலூர் மாவட்டம் அணைக்கட்டு ஊர்ப் பக்கம் ஒரு கிராமம். பஸ் கண்டக்டராக இருந்து ரிட்டையர் ஆனவன். பதினாறு வயதில் கூத்தில் வேஷம் கட்டினேன். வேலை கிடைத்ததும் விட்டுப்போனது. ரிட்டையர் ஆன பிறகு ஊர் ஜமாவில், அதாவது கூத்துக் குழுவில், மறுபடி சேர்ந்தேன். இந்த வருஷம் திரௌபதி அம்மன் திருவிழாவில் பதினெட்டாம் போர் கூத்து, எனக்குத் துரியோதனன் வேஷம். மரத்தில் செய்த கிரீடமும் தோளில் புஜக்கட்டையும் கட்டி விடியவிடிய ஆடினேன். முகத்தில் அரிதாரம் ஏறிவிட்டால் முட்டிவலி எங்கே போகிறதென்றே தெரியாது. காலையில் படுகளத்தில், துரியோதனன் சாகும் சடங்கில், மண்ணால் செய்து படுக்கவைத்த துரியோதனன் உருவத்தைச் சுற்றி ஓடியபோதுதான் லேசாகக் கண் இருட்டியது. சமாளித்துவிட்டேன், யாரிடமும் சொல்லவில்லை.

யாரோ அதை வீடியோ எடுத்துச் சொந்தக்காரர்கள் குரூப்பில் போட்டுவிட்டார்கள். சென்னையில் இருக்கும் மகன், "இந்த வயசுல இது தேவையாப்பா? சம்பந்தி வீட்டுல கேக்கறாங்க" என்கிறான். மனைவி வேஷக் கட்டைகள் இருக்கும் பெட்டியைப் பரணில் ஏற்றிவிட்டாள். திண்ணையில் உட்கார்ந்து பேப்பர் படிக்கிறேன். மனசு இருபதிலேயே நிற்கிறது. இது ஏதாவது கோளாறா?

பதில்: ஐயா, கோளாறெல்லாம் இல்லை. அமெரிக்காவில் ஒஹையோ மாநிலத்தின் ஒரு சிற்றூரில், 50 வயது தாண்டிய 660 பேரைப் பல வருஷம் கவனித்த ஆய்வு 2002இல் வெளிவந்தது. முதுமையை நல்லவிதமாகப் பார்த்தவர்கள், 'இனி என்ன இருக்கிறது' என்று நினைத்தவர்களைவிட சுமார் 7.5 ஆண்டுகள் கூடுதலாக வாழ்ந்திருந்தார்கள். மனசு ஒன்றே காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனாலும் உங்கள் மகனுக்கு அனுப்பி வைக்கலாம்.

மகனுக்கு வெட்கம் மட்டும்தான் என்று நினைக்காதீர்கள். தூரத்தில் இருக்கும் பிள்ளைகள் பயத்தைக் கோபமாகத்தான் சொல்வார்கள். போன் செய்து, "எதுக்குடா பயப்படற?" என்று நேராகவே கேளுங்கள். சம்பந்தி வீட்டுப் பேச்சு அதற்கப்புறம் வராது என்பது என் அனுபவம்.

எனக்கு உறுத்துவது, போகிற போக்கில் நீங்கள் சொன்ன அந்தக் கண் இருட்டல். ராத்திரி முழுக்கத் தூக்கம் இல்லை, தலையில் கட்டை, மேலே வேலூர் வெயில். இருபது வயதுக்காரனுக்கே கிறுகிறுக்கும். பிரஷர் மாத்திரை எதுவும் சாப்பிடுகிறீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. சில மாத்திரைகளால் சட்டென்று எழுந்தால் தலை சுற்றும். டாக்டரிடம், "நான் விடிய விடிய கூத்தாடுகிறவன்" என்று முழுசாகச் சொல்லிக் கேளுங்கள். 'வாக்கிங் போகிறேன்' என்று மட்டும் சொன்னால் அவர் வேறு கணக்குப் போடுவார். கூத்து ராத்திரியில் நீங்களாக மாத்திரையை நிறுத்திவிடவும் கூடாது.

திருவிழா வருஷத்துக்கு ஒருமுறை. மீதி நாளெல்லாம் திண்ணை என்றால் உடம்பு எப்படித் தாங்கும்? வாரத்துக்கு 150 நிமிடமாவது வேர்க்க நடப்பது, வயதானவர்கள் வாரம் மூன்று நாள் கால் பலத்துக்கும் தடுமாறாமல் நிற்கவும் பயிற்சி செய்வது, இவை உலக சுகாதார நிறுவனம் சொல்வது. நாற்காலியில் கையூன்றாமல் பத்துத் தடவை எழுந்து உட்காருங்கள். சுவரைத் தொட்டபடி ஒற்றைக்காலில் நில்லுங்கள். பழைய அடவுகளைச் சலங்கை இல்லாமல் மெதுவாகப் போட்டாலும் சரி.

கோபப்படாமல் இன்னொன்றையும் கேளுங்கள். அடுத்த வருஷம் ராத்திரிக் கூத்தும் படுகளமும் இரண்டுமே நீங்களே செய்ய வேண்டுமா? படுகளத்துக்கு ஒரு இளவட்டத்தைப் பழக்கலாமே. இல்லையென்றால் கூத்தின் கோமாளி, கட்டியங்காரன் இருக்கிறான். ராஜாவையே கிண்டல் செய்கிற வேஷம். இத்தனை வருஷம் பஸ்ஸில் ஜனங்களிடம் வாய்கொடுத்தவருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. அதெல்லாம் முடியாது, துரியோதனன்தான் என்றால், அதையும் டாக்டரிடம் கேட்டுவிட்டே முடிவு செய்யுங்கள்.

அதற்கு முன்னால், கண் இருட்டிய விஷயத்தை வீட்டு அம்மாவிடம் சொல்லிவிடுங்கள். இரண்டு நாள் திட்டுவார், திட்டட்டும். பெட்டியை எப்போது இறக்குவது என்பதை அவரே சொல்வார். நீங்கள் ஸ்டூல் போட்டு ஏறாதீர்கள்.